வெள்ளத்தாய் முற்றத்தில் லிபியா

1941 தை மாசம், பொங்கல் கழிந்த எட்டாம் நாள், ராஜபாளையத்துக்கு அடுத்த செட்டியார்பட்டியில் வெள்ளத்தாய் வீட்டு முற்றத்தில் லிபியா தேசம் வந்து கிடந்தது. நீளம் பன்னிரண்டு அடி, அகலம் ஒன்பது அடி. மாவு போல மஞ்சள் மணல். வாசல்படிக்கும் உரலுக்கும் நடுவே, சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டு கிடந்தது. அள்ளி வெளியே கொட்டினால் மறுநாள் அதே அளவு இருந்தது. அதன்மேல் அடித்த வெயிலும் நம்ம ஊர் வெயில் இல்லை. இங்கே பொழுது விடிந்து, மில்லுக்குப் போகிறவர்கள் போய், பத்து மணி ஆன பிறகுதான் அந்த மணலில் விடியும். அதுவரை அந்த இடம் மட்டும் இருட்டிக் கிடக்கும். மேய்கிற கோழி அதில் கால் வைத்ததும் தலையைச் செருகிக்கொண்டு தூங்கிவிடும். வெள்ளத்தாய் தூக்கி வெளியே விட்டால் முழித்துக்கொண்டு மறுபடி மேயும்.

அது யார் போன ஊர் மணல் என்று தெரிய ஒரு வாரம் ஆனது. வெள்ளத்தாயின் புருஷன் கருத்தப்பாண்டி, பட்டாளத்தில் ரோடு போடுகிற வேலைக்குக் கப்பலேறிப் போயிருந்தான். அவன் போட்ட கடிதத்தில் ஊர்ப் பெயரை அதிகாரிகள் கறுப்பு மை பூசி மறைத்திருந்தார்கள். மடிப்பில் இருந்த மணலை மறைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. இரண்டு மணலையும் விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தவர்கள் ஒன்றுதான் என்றார்கள். அன்றைக்கே, மணலில் ஆள் இல்லாமல் தானாக விழுகிற பூட்ஸ் தடங்களுக்கு நடுவில் ஒரு வெறுங்கால் தடம் விழுந்தது. இடது காலில் சுண்டுவிரல் இல்லை. கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கையில் வடத்தில் மாட்டிப் போன விரல். பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு நடக்கிற புத்தி பட்டாளம் போயும் அவனை விடவில்லை. அதிலிருந்து தினம் பதினொரு மணி வாக்கில் அந்தக் கால் ஏழு தப்படி வைத்து வாசல் பக்கமிருந்து உரல் பக்கம் போகும். ஆளைக் காணாது, தடம் மட்டும்தான். அதைப் பார்த்த பிறகே வெள்ளத்தாய் கஞ்சி குடிப்பாள்.

அந்த இடம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பூட்ஸ் அடியில் அடித்த ஆணிகளின் தடமே சொல்லியது. 1942 ஆனியில் ஒரு நாள் ஆணித்தடம் மாறியது. லிபியாவில் டோப்ருக் என்ற ஊரை ஜெர்மன்காரன் பிடித்துவிட்டான் என்று பத்திரிகை வந்தது மூன்று நாள் கழித்து. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தாசில்தார் வந்து சங்கிலி போட்டு அளந்தார். கிராமத்துக்குள் இத்தனை அடி எதிரி நிலம் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று மேலே எழுதிக் கேட்டார். காவல் போடச் சொல்லிப் பதில் வந்தது. வத்திராயிருப்புக்காரரான பொன்னுராஜ் என்ற போலீஸ்காரர் முக்காலி போட்டு உட்கார்ந்தார். எதிரி தேசத்தை அனுமதி இல்லாமல் யாரும் தாண்டக் கூடாது. உரலோ அந்தப் பக்கம். அதனால், கம்பு குத்தப் போய் வரலாம் என்று வெள்ளத்தாய்க்குத் தினமும் ஒரு சீட்டு எழுதினார். எதிரே நின்று மாற்று உலக்கை போடுகிற மாமியார் முத்தாத்தாளுக்குத் தனிச் சீட்டு.

ஆணி மாறிய நாளிலிருந்து வெறுங்காலைக் காணோம். பதினொரு நாள் பார்த்தாள். பன்னிரண்டாம் நாள், கருத்தப்பாண்டி செத்துப்போனதாகத் தந்தி வந்தது. பதிமூன்றாம் நாள் அந்தக் கால் வந்தது. தப்படி குறுகியிருந்தது, கூடவே நாற்பது கால்கள். பொன்னுராஜ் குனிந்து பார்த்தார்.

"முன்னால ஒரு பூட்ஸ், பின்னால ஒரு பூட்ஸ், நடுவுல அம்புட்டும் வெறுங்கால். செத்தவன் வரிசையில போக மாட்டான்மா. கைதியாக்கும்."

முத்தாத்தாள் தந்தியைத்தான் நம்பினாள். பெற்றவள், அழுது ஓய்ந்திருந்தாள். சர்க்கார் பொய்யா எழுதும் என்று கேட்டாள். "எழுதுனவன் அவிய காலைப் பாத்தானா, அத்தை? நான் தினம் பாக்கேன்" என்றாள் வெள்ளத்தாய். சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, வாற புதன்கிழமை தாலி இறக்குவது என்று நாள் குறித்தார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பெரியவர்கள் ஒரு வழி சொன்னார்கள். புதன்கிழமை பதினொரு மணிக்கு எல்லாரும் மணலைச் சுற்றி நிற்பது. கால் விழுந்தால் தாலி இருக்கட்டும், விழாவிட்டால் இறக்கிவிடுவது.

புதன்கிழமை விடிந்ததும் முத்தாத்தாள் எழுந்தாள். விசேஷத்துக்கு ஆள் வருகிற வீட்டை மெழுகாமல் போடுவது இங்கே வழக்கமில்லை. கூடை நிறையச் சாணி கரைத்து வாசலில் தொடங்கி உரல் வரைக்கும் மெழுகிக்கொண்டே போனாள். நடுவில் இருட்டிக் கிடந்த இடத்தையும் விடவில்லை. அவள் இடது கைக்காரி. ஊரில் எல்லார் வீட்டு மெழுகலும் ஒரு பக்கம் வளைந்தால் அவள் வீட்டில் மறுபக்கம் வளையும். பொன்னுராஜ் டீ குடித்துவிட்டு வந்தபோது எதிரி தேசம் பூராவும் மெழுகி முடிந்திருந்தது. பத்து மணிக்கு அதில் விடிந்தபோது தரை பலகை மாதிரி இறுகியிருந்தது. பதினொன்றானது, பதினொன்றேகாலும் ஆனது. மாடு நடந்தாலும் தடம் விழாத தரையில் கருத்தப்பாண்டியின் கால் எப்படி விழும். வெள்ளத்தாய் மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். பெண்கள் தாம்பாளத்தோடு வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி கழுத்துக் கயிற்றில் கை வைத்தாள்.

அந்த நேரம் முற்றத்தில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. முத்தாத்தாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏலே, மெழுகுன எடத்தை மிதிக்காத."

"தெரியும்மா. அதுலதான் நடந்து வாரேன்" என்றான் கருத்தப்பாண்டி.

தாடியும் கிழிந்த காக்கியுமாக உரல் பக்கம் நின்றான். முதலில் தண்ணீர் கேட்டான். அப்புறம் சொன்னான்: தண்ணீர்ப் பீப்பாய் சுமக்கக் கைதிகளை ஓட்டிக்கொண்டு போனார்களாம். வழியில் மணலுக்கு நடுவே மெழுகின தரை கிடந்ததாம். வளைவு எல்லாம் மறுபக்கம். உலகத்தில் அப்படி மெழுகுகிற கை ஒன்றுதான் என்று வரிசையை விட்டு அதன்மேல் நடந்துவிட்டானாம். பின்னால் காவல்காரன் போட்ட அதட்டலில் பாதி செட்டியார்பட்டியிலும் கேட்டது. பொன்னுராஜ் லத்தியோடு எழுந்து நின்று, அப்புறம் யாரும் வரவில்லை என்றதும் உட்கார்ந்தார். வெள்ளத்தாய் தாம்பாளத்தை வாங்கிக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, உலை வைக்கப் போனாள்.

பட்டாளத்தில் கருத்தப்பாண்டியை எந்தக் கப்பலில் வந்தாய் என்று கேட்டார்கள். நடந்து வந்தேன் என்றான். அச்சடித்த தாளில் அதற்கு இடம் இல்லாததால் உடம்பு சரியில்லை என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஐப்பசியில் ஆணித்தடம் மறுபடி மாறி, டோப்ருக் இங்கிலீஷ்காரன் கைக்கு வந்தது. பொன்னுராஜ் முக்காலியை எடுத்துக்கொண்டு போனார். மணல் போகவில்லை. அதற்கு முன்னாலேயே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று எல்லாப் பக்கமிருந்தும், தந்தி வந்த வீட்டுப் பெண்கள் தங்கள் வீட்டுச் சாணியோடு வரத் தொடங்கியிருந்தார்கள். அவரவர் கை அவரவர் ஆளுக்குத்தான் தெரியும் என்பதால் ஆளுக்கு ஒரு முழம் மெழுகினார்கள். ரெண்டு வருசத்தில் ஒன்பது பேர் அப்படி நடந்து வந்து சேர்ந்தார்கள். ஆள் வராத வீட்டுப் பெண்கள் கையைக் கழுவி, வெள்ளத்தாய் கொடுத்த கூழைக் குடித்துவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமையும் வந்து மெழுக முறை சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள்.