வெளியே வரச் சொல்லும் விசில்

அந்த ஊரில் ஒருவர் பாதி சவரத்தோடு தெருவில் நின்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சங்கு ஊதியிருக்கிறது, சலூன்காரர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார் என்று புரிந்துகொள்வார்கள். சம்பளம் வாங்கித் தீயணைக்கிறவர்கள் யாரும் அங்கே கிடையாது. பக்கத்து நகரத்திலிருந்து பெரிய வண்டி வந்து சேர்வதற்குள் எரிவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அதனால் தண்ணீர்த் தொட்டியின் மேலிருக்கும் சங்கு அலறினால் சலூன்காரரும், ரொட்டிக்கடைக்காரரும், பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சரும், நெட்டை என்று ஊரே கூப்பிடும் எலெக்ட்ரீஷியனும், இன்னும் சிலரும்தான் தீயணைப்புப் படை. அடுப்பில் ரொட்டி கருகும், மைதானத்தில் பிள்ளைகள் கும்மாளம் போடுவார்கள், நெட்டை கழற்றிப்போட்ட மின்விசிறி இரண்டு நாள் தரையில் கிடக்கும். ஊர் அதையெல்லாம் முணுமுணுக்காமல் பொறுத்துக்கொண்டது.

தீ மட்டும்தான் என்றில்லை. கிணற்றில் விழுந்த நாய், மரத்தில் சிக்கிய வௌவால், தாழ்ப்பாள் இறுகிப்போன கதவு, எதற்கும் இவர்கள்தான். குளியலறைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு மாமியாரை மீட்கப் போனபோது, "அவசரமே இல்ல, கதவு கெட்டுப்போகாம மெதுவா செய்ங்க" என்று மருமகன் சொன்னது இன்றைக்கும் சலூனில் சொல்லிச் சிரிக்கப்படும் கதை.

சலூன்காரரை ஊர் கேப்டன் என்று கூப்பிட்டது. படைத்தலைமைக்கு அடையாளம் அவர் கழுத்தில் தொங்கிய விசில். உள்ளே போகிறவனுக்குப் புகையைத் தவிர வேறொன்றும் தெரியாது. கூரை தொய்கிறதா, புகை நிறம் மாறுகிறதா என்பதெல்லாம் வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்குத்தான் தெரியும். அவன் விசிலை நீளமாக ஊதினால், உள்ளே இருப்பவர்கள் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அந்த மூலையை மட்டும் பார்த்துவிடுகிறேன் என்ற பேச்சே கிடையாது. அப்படி ஒருவன் வெளியே நிற்கிறான் என்ற தைரியத்தில்தான் அவர்கள் உள்ளேயே போகிறார்கள். எரிவது தலைவரின் சொந்த வீடாக இருந்தால் அவர் விசிலை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. அதற்கு இதுவரை வேலை வந்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் ரொட்டிக்கடை எரிந்தது. மாடியில் ரொட்டிக்கடைக்காரரின் அண்ணன், ஒரு பக்கம் கை கால் விழுந்துபோய்ப் படுக்கையில் கிடந்தார். டீச்சரும் நெட்டையும் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தார்கள். படியின் அடியில் சிவப்பாக ஏதோ ஊர்வதைக் கேப்டன் பார்த்தார். விசிலை ஊதினார். இருவரும் இறங்கி வாசலைத் தாண்டினார்கள், படி இடிந்து விழுந்தது. அண்ணன் மாடியிலேயே போய்ச் சேர்ந்தார். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்த அண்ணன்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ரொட்டிக்கடைக்காரர் கேப்டன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருவரும் ஒரே பெஞ்சில் படித்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள்.

"இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் இல்லடா?" என்று கேட்டார்.

"படி விழுந்துடுச்சே மச்சான், நீயே பாத்தியே. என் பொண்டாட்டி உள்ள இருந்திருந்தாலும் ஊதியிருப்பேன்டா. சத்தியமா."

ரொட்டிக்கடைக்காரர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மறுபடி கடை திறந்தார், கேப்டனிடமே முடி வெட்டிக்கொள்ள வந்தார், சங்கு ஊதும்போதெல்லாம் மாவுக் கையோடு ஓடி வந்தார். ஆனால் எரிகிற வீட்டுக்குள் அவர் அதற்குப் பிறகு நுழையவில்லை. வண்டியை ஓட்டுவார், பம்ப்பைப் பார்த்துக்கொள்வார். யாரும் காரணம் கேட்டதில்லை.

அன்றைக்கு மத்தியானம் சங்கு ஊதியபோது கேப்டன் தபால்காரரின் இடது கன்னத்தை முடித்திருந்தார். கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்தார். புகை எந்தப் பக்கம் என்று தலையைத் தூக்கினார். புகை வந்த கட்டடம் எது என்று உடனே தெரிந்தது. கீழே மெத்தைக் கடை, மேலே ஓட்டுக்கூரை போட்ட மாடி. அந்த மாடியில்தான் அவர் குடியிருந்தார். மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகவே கைத்தாங்கல் வேண்டும்.

காலையில்தான் அவள் சொன்னாள். "உங்க சங்கு ஊதினா நான் விழுந்து கிடந்தாக்கூடத் தாண்டிக்கிட்டு ஓடிருவீங்க." கோபமாகச் சொல்லவில்லை, கேலியாகத்தான் சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சந்து குறுகல். வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டுக் குழாயை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. டீச்சரும் நெட்டையும் காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நெட்டைக்கு வீட்டில் கைக்குழந்தை. டீச்சர் முகமூடியை இறுக்கிக்கொண்டே, "அண்ணி எந்த ரூம்ணே?" என்று கேட்டாள்.

"படி ஏறினதும் வலது பக்கம். ஜன்னலோரம் கட்டில்."

ரொட்டிக்கடைக்காரர் கையை நீட்டினார். "விசிலைக் கொடு மச்சான்."

கேப்டன் அதை விரல்களுக்குள் மூடிக்கொண்டார். "நீ விசிலைப் பிடிச்சா பம்ப்பை யாரு பாக்குறது? மத்தவங்க இன்னும் வந்து சேரல. என்கிட்டயே இருக்கட்டும்."

"விதின்னு ஒண்ணு இருக்குடா."

"அன்னைக்கு நான் சொன்னது மறந்துபோச்சா?"

ரொட்டிக்கடைக்காரர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். நண்பனின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வண்டியை நோக்கி ஓடினார். வேறு யார் சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டார். அந்த வார்த்தையை நம்பாமல் போனால் அவருக்கு நம்புவதற்கு வேறு என்ன இருந்தது?

டீச்சரும் நெட்டையும் குனிந்து புகைக்குள் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் குழாய் வாசற்படியில் உரசிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தது. கேப்டன் எதிர்வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றார். இந்த வேலை அவருக்குக் கைவந்த வேலை. முடி வெட்டுகிறவனுக்குக் கோணல் உடனே கண்ணில் படும் என்று சொல்லிக்கொள்வார். கூரையின் உச்சி நேராக இருந்தது. புகை சாம்பல் நிறத்தில் இருந்தது. நேரமிருக்கிறது என்று நினைத்தார்.

மெத்தைக் கடையில் ஏதோ டமாரென்று வெடித்தது. புகை கறுத்தது. கெட்டியாகி, ஜன்னல் வழியே உள்ளே போவதும் மறுபடி வெளியே வருவதுமாக இருந்தது. அப்படிப் புகை மூச்சுவிட ஆரம்பித்தால் வீடே வெடித்து எரியப் போகிறது என்று அவர்தான் மற்ற எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவர். கூரை உச்சியைப் பார்த்தார். நடுவில் பழைய கட்டில் போலக் குழிந்திருந்தது. இரண்டு ஓடுகள் சரிந்து சந்தில் விழுந்து நொறுங்கின.

விசிலை உதட்டில் வைத்தார்.

குழாய் நகர்வது நின்றிருந்தது. அப்படியென்றால் அவர்கள் மேலே போய்விட்டார்கள். அறை வாசலில் இருக்கலாம். கட்டிலுக்கே போயிருக்கலாம். இப்போது ஊதினால் அவளைத் தொடாமலே திரும்பிவிடுவார்கள், அல்லது தொட்ட கையை விட்டுவிட்டுத் திரும்புவார்கள். டீச்சர் நிச்சயம் திரும்பிவிடுவாள், அவளை அப்படித்தான் பழக்கியிருந்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சமே கொஞ்சம்.

பம்ப்பை ஓடவிட்டுவிட்டு, குழாய் எங்கேயோ மடங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ரொட்டிக்கடைக்காரர் சந்துக்குள் வந்தார். மடங்கியதை நிமிர்த்தியவர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். பிறகு கேப்டனைப் பார்த்தார். விசில் வாயிலேயே இருந்தது.

"டேய்! ஊதுடா!"

கேப்டன் திரும்பவில்லை.

"ரெண்டு பேர் இருக்காங்கடா உள்ள! கூரை உக்காருது, கண்ணு தெரியலயா? ஊது!"

நெஞ்சு நிறைய மூச்சிருந்தது. நாக்கு இருந்தது, உதடு இருந்தது, விசிலும் இருந்தது. அவர் ஊதவில்லை. ரொட்டிக்கடைக்காரர் பாய்ந்து அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கேப்டன் அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். கயிறு அறுந்தது. விசில் கையில் வந்ததும் ரொட்டிக்கடைக்காரர் விழுந்த இடத்திலிருந்தே அதை ஊதினார். அந்தச் சந்து முழுக்கக் கேட்டது.

வாசலில் டீச்சர் தெரிந்தாள். முழங்காலில் தவழ்ந்து, பின்னோக்கி, ஒரு போர்வையை இழுத்துக்கொண்டு வந்தாள். போர்வைக்குள் கேப்டனின் மனைவி இருந்தாள். கால் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்த நெட்டை வாசற்படியை நெருங்கும்போது கூரை மாடியோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. அவன் மட்டும் முழுக்க வெளியே வரவில்லை. உத்திரம் ஒன்று சாய்ந்து அவன் வலது கையின் மேல் விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு எரிகிற வீட்டு வாசலுக்குள் முதலில் நுழைந்தவர் ரொட்டிக்கடைக்காரர். இத்தனை வருடத்துக்குப் பிறகு. சட்டையைத் தலையில் சுற்றிக்கொண்டு வெறுங்கையால் அந்த உத்திரத்தைப் பிடித்துத் தூக்கினார்.

கேப்டன் தன் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் இருமினாள். கண்ணைத் திறந்து அவரை அடையாளம் கண்டு, "வந்துட்டீங்களா?" என்றாள். அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு வெட்கம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் நெட்டையின் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை, மூன்று விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அந்தக் கைதான் அவன் பிழைப்பு. அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப்போட்டுக்கொண்டு கேப்டனிடம் வந்து, "அண்ணி நல்லா இருக்காங்களாண்ணே?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

டீச்சரிடம் அவரே போய்ச் சொன்னார். கூரை குழிவதைப் பார்த்தேன், ஊதவில்லை என்று. அவள் கரிபடிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நாங்க ரூம் வாசல்லதான்ணே இருந்தோம். அப்பவே விசில் கேட்டிருந்தா திரும்பியிருப்போம். கேட்டப்ப அண்ணியோட வாசலுக்கே வந்துட்டோம்." பிறகு, "அண்ணி பொழச்சதுல எனக்கு சந்தோஷந்தான். ஆனா இனிமே நீங்க வெளிய நின்னா நான் உள்ள போகமாட்டேன்," என்றாள்.

விசில் டீச்சரின் கழுத்துக்குப் போனது.

மனைவியோடு கேப்டன் ஒரு வாடகை அறைக்குக் குடிபோனார். சலூனைத் திறந்தார். தபால்காரர் முதல், வந்தவர்கள் எல்லோரும் "நல்ல வேளை" என்றார்கள். அவர் தலையாட்டிக்கொண்டே கத்தரியை ஓட்டினார். ஒவ்வொரு நாளும் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டிக்கடைக்காரர் வரமாட்டார் என்றே முடிவு கட்டியிருந்தார்.

ஆனால் வழக்கமாக வரும் நாளில் அவர் வந்தார். இரண்டு உள்ளங்கையிலும் இன்னும் கட்டு இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். கேப்டன் துணியைக் கழுத்தில் சுற்றி முடிந்தார், தண்ணீர் தெளித்தார், சீப்பை எடுத்தார். கண்ணாடியில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போகும்போது ரொட்டிக்கடைக்காரர் பேசினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்டா."

"கேளு."

"எங்க அண்ணன் உள்ள இருந்தப்ப... உனக்கு ஊத வந்துச்சுல்ல?"

கேப்டன் கத்தரியை மேசையில் வைத்தார். படி விழுந்ததைச் சொல்லலாம். இரண்டு உயிர் தப்பியதைச் சொல்லலாம். அவை எல்லாம் உண்மைதான், அன்றைக்கு ஊதியது சரிதான். ஆனால் நண்பன் கேட்டது அதையல்ல என்று அவருக்குத் தெரிந்தது.

"வந்துச்சு," என்றார். "சுலபமா வந்துச்சு."

ரொட்டிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் இறங்கி, கன்னத்தில் ஒட்டியிருந்த முடித்துணுக்குகளை நனைத்தது. கேப்டன் துடைக்கப் போகவில்லை. அவருக்கு அந்த உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

"சரி," என்றார் ரொட்டிக்கடைக்காரர். "மீதியை வெட்டு."

கத்தரியைக் கையில் எடுத்தபோது சங்கு ஊதியது.

இருவரும் ஒன்றாக ஓடினார்கள், ஒருவர் பாதி வெட்டிய தலையோடு, கழுத்தில் துணியோடு. வண்டியருகே டீச்சர் விசிலை மாட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே போக ஆள் குறைந்தது. நெட்டையின் சிலிண்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கேப்டன் யாரையும் கேட்காமல் அதை எடுத்து முதுகில் மாட்டினார். வார் நெட்டையின் உயரத்துக்கு இழுத்துவிட்டபடியே இருந்தது. ரொட்டிக்கடைக்காரர் கட்டுப்போட்ட கையால் அதை இறுக்கிவிட்டார்.

"விசில் கேட்டா வந்துடணும்," என்றார்.

"வந்துடறேன்."

"யார் உள்ள இருந்தாலும்."

கேப்டன் இந்தத் தடவை சத்தியம் செய்யவில்லை. முகமூடியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குழாயைப் பிடித்தபடி வண்டியில் ஏறினார்.