பூனையின் கால் நனையவில்லை

ஆயிரத்து எண்ணூற்று அறுபது. என் அண்ணி கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகை அது. தையல் கூடத்து வாசலில் தொங்கும் கரும்பலகையில், மற்றவர்களுடைய அபராதங்களோடு சேர்த்து, உள்ளே நுழைகிற எல்லார் கண்ணிலும் படும்படி சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகி இரண்டு வருஷம்தான் ஆகிறது என்றாலும், அந்தப் பலகை எனக்குத் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். கையிலிருக்கும் ஊசியின் காதுதான் தெரியாது.

அண்ணிக்கும் அதே கதைதான், என்னைவிட மோசம். நாங்கள் தைப்பது ஆலைத் தொழிலாளிகளுக்கான சீருடை பேன்ட். கறுப்புத் துணி, கறுப்பு நூல், தலைக்கு மேலே பாதி எரியும் பாதி எரியாத குழல் விளக்கு. அண்ணி ஒருநாள் பாக்கெட்டை வைத்துத் தைக்கும்போது அதன் வாயையும் சேர்த்து மூடித் தைத்துவிட்டாள். ஒன்றல்ல, பன்னிரண்டு பேன்ட். ஒன்றுக்கு நூற்றைம்பத்தைந்து என்று போட்டு எங்கள் சூப்பர்வைசர் கணக்கை முடித்தார். சம்பளத்தை வெட்டுவதில் கை தேர்ந்தவர் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி.

“கை விட முடியாத பாக்கெட்டு எதுக்கும்மா? அழகுக்கா?” என்று கூடமே கேட்கும்படி கேட்டார்.

“சம்பளம் போடுறதுக்கு சார். நீங்க குடுக்கிறதுக்கு வாய் திறந்த பாக்கெட்டே தேவையில்லை,” என்றாள் அண்ணி.

கூடம் சிரித்தது. அபராதம் குறையவில்லை.

அபராதத்தைவிடப் பெரிய பயம் ஒன்று எங்களுக்கு இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கண் சோதனை நடக்கும். ஒரு அட்டையைக் கையில் கொடுப்பார்கள். நாலு வரி. முதல் வரி கட்டை விரல் பருமன், போகப்போகச் சிறுத்து நாலாவது வரி எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். நாலாவது வரியை வாசிக்காதவர்களை மிஷினை விட்டு எழுப்பிக் கூட்டிப் பெருக்க அனுப்பிவிடுவார்கள். சம்பளம் பாதி. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாலும் அதே கதிதான். கண்ணாடி போட்டவளுக்குக் கண் போய்விட்டது என்பது கத்தரியின் சட்டம்.

அதனால் நாற்பதைத் தாண்டிய பெண்கள் எல்லாரும் அந்த நாலு வரியையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். “மழை நின்றது. கூரையிலிருந்து நீர் சொட்டியது. பூனை ஒன்று சுவரோரம் நடந்தது. பூனையின் கால் நனையவில்லை.” பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வருவோம். எழுத்தே தெரியாத அண்ணி எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் சொல்வாள். மூன்றாவது வரியில் கொஞ்சம் தயங்கி, கண்ணைச் சுருக்கி, கஷ்டப்பட்டு வாசிப்பதுபோல நடிக்கவும் செய்வாள். சோதனை நடத்துவது ஆபீஸ் கிளார்க். அவர் தலையை நிமிர்த்திப் பார்த்ததே கிடையாது.

ஊசி கோக்க எங்களிடம் ரகசியமாக ஒரு கண்ணாடி இருந்தது. இஸ்திரி போடும் அக்கா நடைபாதைக் கடையில் வாங்கியது. நூல் டப்பாவுக்குள் ஒளிந்திருக்கும், மிஷினுக்கு மிஷின் கை மாறும். எல்லார் கண்ணுக்கும் கொஞ்சம் பொருந்தும், யார் கண்ணுக்கும் முழுசாகப் பொருந்தாது. சாயங்காலம் ஆனால் வரிசை முழுக்க நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்த வருஷம் சரக்கு வாங்குகிறவர்கள் ஏதோ நிபந்தனை போட்டிருந்தார்கள். கிளார்க்குக்குப் பதில் கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மேஜை போட்டு, டார்ச்சும் ஒரு பெட்டி நிறைய வட்ட வட்டக் கண்ணாடித் துண்டுகளும் எடுத்து வைத்தாள். அட்டை மட்டும் கம்பெனியின் பழைய அட்டைதான். முதலில் அண்ணியைக் கூப்பிட்டார்கள்.

அண்ணி அட்டையை வாங்கினாள். கண்ணைச் சுருக்கினாள். மழை நின்றது, நீர் சொட்டியது, பூனை நடந்தது, பூனையின் கால் நனையவில்லை. தங்குதடையில்லாமல் ஒப்பித்து முடித்தாள்.

அந்தப் பெண் குனிந்து அட்டையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “அம்மா, அட்டை தலைகீழா இருக்கு,” என்றாள்.

அண்ணி அசரவில்லை. “எனக்கு அது தலைகீழ்ப் பாடம்மா. எப்படிப் பிடிச்சாலும் வரும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கத்தரி சிரிக்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்து வந்து அண்ணியின் மிஷினில் சாய்த்தார்.

“இத்தனை வருஷம் என்னை ஏமாத்தியிருக்கே. நாளைலேர்ந்து இதுதான் உன் வேலை. அபராதம் அப்படியே இருக்கும், அந்தச் சம்பளத்துலயே பிடிச்சுக்குவேன். அடுத்த ஆள் வா!”

அடுத்த ஆள் நான்.

அண்ணி என்னைப் பார்த்தாள். ‘சொல்லிவிட்டுப் போ’ என்று கண்ணால் சொன்னாள். என் வீட்டில் சம்பாதிக்கிறது நான் ஒருத்தி. அண்ணன் படுக்கையில் கிடக்கிறதால் அவள் வீட்டில் அவள் ஒருத்தி. அட்டையை வாங்கினேன், நேராகவே பிடித்தேன். முதல் வரி தெரிந்தது. இரண்டாவது வரி கலங்கலாக. அதற்குக் கீழே இருந்தது எழுத்தா அழுக்கா என்று சொல்ல முடியவில்லை. நாக்கு நுனியில் பூனை தயாராக நின்றது.

வயசான காலத்தில், வேலை முடிந்த அலுப்போடு ராத்திரி வகுப்புக்குப் போய், தூங்கித் தூங்கி விழுந்து, அடித்து அடித்து எழுதிக் கற்ற எழுத்து அது. தெரியாத எழுத்தைத் தெரியும் என்று சொல்ல எனக்கு அன்றைக்கு மனசு வரவில்லை. கோபம்தான் வந்தது.

“ரெண்டு வரிக்குக் கீழே எனக்குத் தெரியல,” என்றேன்.

“என்னது?”

“தெரியல சார். படிக்கத் தெரியும், ஆனா கண்ணுக்குத் தெரியல. அண்ணிக்குத் துடைப்பம்னா எனக்கும் ஒண்ணு கொண்டாங்க.”

கத்தரி என்னை முறைத்தார். அதற்குள் இஸ்திரி அக்கா, “எனக்கும் தெரியாது. மூணு வருஷமா தெரியாது,” என்று எழுந்தாள். பட்டன் வைக்கிறவள் எழுந்தாள். காலர் தைக்கிற இரண்டு பேரும் எழுந்தார்கள். ஒவ்வொருத்தியாக “எனக்கும், எனக்கும்” என்று எழ, பின்வரிசையில் வயசு குறைந்த நாலைந்து பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிலும் ஒருத்தி, “எனக்கு நல்லாத் தெரியும், ஆனா தெரியாது,” என்றாள்.

“எல்லாரும் குருடா? குருட்டுக் கூட்டத்தை வச்சா நான் கம்பெனி நடத்துறேன்?”

ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. “யாரும் குருடு இல்ல சார். இது வெள்ளெழுத்து. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வரும். கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் இறுகிப் போயிடும், கிட்டத்துல இருக்கிறது தெரியாது. நோயே இல்ல. அளவு பார்த்து ஒரு கண்ணாடி போட்டா மிஷின்ல உட்காரலாம். உங்க ஒரு பேன்ட் விலைகூட ஆகாது.”

“எனக்கும்தான் அம்பது ஆகப் போகுது. எனக்கு என்ன வந்துச்சு?”

இந்த வாயைத்தான் அவர் திறந்திருக்கக் கூடாது. அவர் போன் பார்க்கும்போது கை எவ்வளவு நீளம் போகும் என்று கூடத்தில் தெரியாதவர் யார்? நான் அட்டையை நீட்டினேன்.

“நாலாவது வரி சார். நீங்கதான் வாசிங்களேன்.”

வாங்கினார். கையை நீட்டினார். இன்னும் கொஞ்சம் நீட்டினார். தலையைப் பின்னுக்கு இழுத்தார். கூடத்தில் ஒரு மிஷின்கூட ஓடவில்லை.

“வெளிச்சம் சரியில்ல,” என்றார்.

“அதைத்தானே நாங்களும் சொல்றோம்!” என்று இருபது வாய் ஒன்றாகச் சொன்னது.

“கை பத்தலைன்னா சொல்லுங்க சார், நான் எதிர்ச் சுவர்ல நின்னு பிடிக்கிறேன்,” என்றாள் அண்ணி.

அவர் அட்டையை மேஜையில் போட்டுவிட்டு முதலாளிக்குப் போன் செய்ய வெளியே போனார். என்ன பேசினாரோ தெரியாது. அந்த வாரம் சரக்கு லாரியில் ஏற வேண்டும். இருபது பேரைப் பெருக்க அனுப்பினால் பெருக்கித் தள்ளக் குப்பைகூட இருக்காது. திரும்பி வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. கண்ணாடிக்கு முதலாளி பணம் கொடுப்பார், குழல் விளக்கும் மாற்றித் தருவார். ஆனால் அண்ணியின் அபராதம் நிற்கும். “நஷ்டம் நஷ்டம்தானே?”

“என்ன நஷ்டம்? பேன்ட் எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“என் ரூம்ல, மூட்டையில.”

“அப்போ கண்ணாடி வரட்டும். அண்ணியே பிரிச்சுத் தைப்பாங்க. அதுக்கப்புறமும் நஷ்டம்னா என் சம்பளத்துல பிடிங்க.”

அந்தப் பெண் ஒவ்வொருத்தியாக உட்கார வைத்து ஒரு கண், மறு கண் என்று வட்டத் துண்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள். எனக்கு இரண்டு கண்ணுக்கும் அளவு வேறு. நூல் டப்பாக் கண்ணாடி ஏன் தலைவலி கொடுத்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அண்ணியின் கண்ணில் டார்ச் அடித்து, “புரை இல்ல, நல்லா இருக்கு. வருஷா வருஷம் பார்த்துக்கணும்,” என்றாள்.

கண்ணாடி வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்கத் துடைப்பம் அண்ணியின் மிஷினில் சாய்ந்தே இருந்தது. அண்ணி அதைத் தொடவில்லை, தள்ளியும் வைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நேர்த் தையல் மட்டும் தைத்தாள்.

கண்ணாடி வந்ததும் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தாள். “அய்யோ, தரை மேலே வருது!” என்று என் தோளைப் பிடித்தாள்.

“உட்கார்ந்து தைக்கத்தான் அண்ணி அது. நடக்க இல்ல.”

“முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!”

உட்கார்ந்து துணியைக் குனிந்து பார்த்தாள். கறுப்புக்குள் கறுப்பாக ஒவ்வொரு தையலும் தனித்தனியாகத் தெரிகிறதாம். “இவ்வளவு கோணலாவா தைச்சிருக்கேன்? த்தூ!” என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சாப்பாட்டு நேரங்களில் பன்னிரண்டு பேன்ட்டையும் பிரித்தாள். துணியில் ஒரு கீறல் விழவில்லை. திரும்பத் தைத்து, மடித்து, கத்தரியின் மேஜையில் அடுக்கினாள்.

கத்தரி சட்டைப் பையிலிருந்து ஒரு புதுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிய சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையை மணிக்கட்டு வரை விட்டுப் பார்த்தார். கடைசி பேன்ட்டில் விட்ட கையை எடுக்காமலே, “சரி, அழிச்சுடறேன்,” என்றார்.

“நீங்க வேணாம் சார்,” என்றாள் அண்ணி.

மிஷினில் சாய்ந்திருந்த துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். வாசலுக்குப் போய்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தாள். “எது என்னோடது?” என்று என்னைக் கேட்டாள். காட்டினேன். “தொகையைப் படி.” படித்தேன். துடைப்பத்தின் நுனியால் ஒரே இழுப்பு. மேலேயும் கீழேயும் இருந்த மற்றவர்களுடைய அபராதங்களும் அதோடு போயின.

“அதெல்லாம் ஏம்மா அழிச்சே?” என்று உள்ளிருந்து கத்தினார் கத்தரி.

“கிட்டத்துல நின்னேன் சார். எனக்கென்ன தெரியும்?” என்றாள் அண்ணி.