ராஜரத்தினக் கோளின் வெளியீட்டு விழா

மனித குலத்தின் வானியல் வரலாறு ராஜரத்தினத்துக்கு முன், ராஜரத்தினத்துக்குப் பின் என இரண்டாகப் பிரியும் என்று அழைப்பிதழ் அறிவித்திருந்தது. பின்பகுதி காலை பத்து மணிக்குத் தொடங்க இருந்தது. மைக் வந்து சேராததால் பதினொன்றரை ஆயிற்று.

கண்டியில் ஒரு மண்டபம். நூலாசிரியர் ராஜரத்தினம், ஆசிரியர் இடமாற்றக் குழுவின் தலைவர். ஆகவே மண்டபம் நிறைய ஆசிரியர்கள். பேஸ்புக் நேரலையில் இன்னும் பதினேழு பேர்.

நூலைப் பாராட்டிப் பேசும் நயவுரை சுதர்சினிக்கு. அவளுக்கு வீடு ஹேவாஹெட்டயில், பள்ளிக்கூடம் மடுல்கெல்லயில். விடியுமுன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். இரண்டு வயது மகள் பக்கத்து வீட்டுக்காரியை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கலஹாவுக்கு மாற்றம் கேட்ட படிவம் இப்போது மேடையில், ராஜரத்தினத்தின் மடியில் கிடந்தது. "பேசிட்டு வாங்க டீச்சர், பார்ப்போம்" என்று பேனாவையும் கையில் எடுத்து வைத்திருந்தார்.

பூமி போன்ற ஒரு பாறைக் கோள், வியாழன் போன்ற வாயுக் கோளைச் சுற்றினால் என்ன ஆகும்? நூல் முழுக்க இதுதான்.

"எப்பவும் ஒரே முகத்தைத்தான் பெரிய கோளுக்குக் காட்டிக்கிட்டு இருக்கும்" என்றாள் சுதர்சினி. "கிட்ட வரும்போது இழுபடும், தள்ளிப் போகும்போது தளரும். அப்படியே பிசைபட்டுப் பிசைபட்டு உள்ளுக்குள்ள சூடாகும், எரிமலை வெடிக்கும். ரொம்பக் கிட்டப் போனா உடைஞ்சு தூளாயிரும்."

முன்வரிசை ஆசிரியர்கள் ராஜரத்தினத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள்.

இப்படிப்பட்ட கோளுக்கு உலகில் இதுவரை பெயரே இல்லை, எனவே இது 'ராஜரத்தினக் கோள்' என்பது கடைசி அதிகாரம். அதைத் தொடாமலே உட்கார்ந்துவிட நினைத்திருந்தாள். நன்றி என்று வாயெடுக்கும்போது, முதற்பிரதி வாங்கிய புத்தகக் கடை நஸீப் எழுந்தார்.

"டீச்சர், நான் யாவாரம் செய்ற மனிசன், தெரியாமத்தான் கேக்கிறேன். மெய்யாவே இதுக்கு ஒரு பேரும் இல்லியா?"

"சொல்லுங்க டீச்சர்." ராஜரத்தினம் புன்னகைத்தார். பேனா முனை படிவத்தைத் தொட்டு நின்றது.

இல்லை என்று ஒரு சொல் போதும். கலஹா. மகள். ஆனால் நாளைக்குத் தரம் ஆறு பிள்ளைகளுக்கு இதே பாடம். அவர்களில் நாலு பேரின் அம்மாமாரும் டீச்சர்மார்தான், எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"இருக்குதுங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை, மைக்குக்குக் கேட்டது. "உபகோள். நம்ம சந்திரன் மாதிரி."

பேனா மூடிக்குள் போனது.

"எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"தரம் ஆறு பயிற்சிநூல், சேர். நாற்பத்திரண்டாம் பக்கம்."

"எந்த மடையன் எழுதினது? பேரைச் சொல்லுங்க. மைக்ல சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்!"

சுதர்சினி மைக்கை விட்டு விலகினாள். அவருடைய கதிரையருகே போய், குனிந்து, காதில் சொன்னாள்.

ராஜரத்தினம் பேனாவைத் திறந்தார். கையெழுத்திட்டு, திகதியும் போட்டு, படிவத்தை அவளிடமே நீட்டினார்.

"கேள்வி நேரம் முடிஞ்சுது. டீ குடிக்கப் போங்க" என்றார் சபையைப் பார்த்து.

அந்தப் பயிற்சிநூலைத் தொகுத்தவர் ராஜரத்தினம்.