காற்றுக்குத் திரும்பாத கை

மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவள், கைநிறையத் துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். காற்று கடலிலிருந்து ஊரைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. எதிரே, பாதியில் நின்றுபோன கோபுரக் கட்டடத்தின் தலையில் இருந்த கிரேனின் நீண்ட கையோ, கடலைப் பார்த்தே விறைத்து நின்றது. ஆளில்லாத கிரேன் காற்றோடு திரும்ப வேண்டும். அதற்காகத்தான் வேலை முடிந்து இறங்கும்போது கை சுழலாமல் பிடித்துவைக்கும் பிரேக்கைத் தளர்த்திவிட்டு வருவார்கள். கடைசியாக இறங்கியவன் மறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் துருவேறி இறுகியிருக்க வேண்டும். அப்படி நிற்கிற கிரேனை முன்னாலிருந்து பெருங்காற்று தள்ளினால், முதுகிலிருக்கும் எடைக்கட்டைகளோடு சேர்ந்து பின்பக்கமாகத்தான் சாயும். பின்பக்கம் அவர்கள் தெரு.

அந்தக் கிரேனை ஓட்டியவள் அவள்தான். எப்போதும் உயரத்திலேயே இருப்பதால் சைட்டில் எல்லாரும் அவளை 'மேகம்' என்பார்கள். நாட்டிலேயே உயரமான கட்டடம் என்று பெயரெடுக்க வேண்டியது அந்தக் கோபுரம். பாதி உயரம் தாண்டியபின், ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் கேட்டில் பூட்டு தொங்கியது. அதே கிரேனை ஓட்டிய அடுத்த ஷிப்ட்காரன் வெளிநாடு போய்விட்டான். அவள் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போனாள். தரையிலேயே ஓடுகிற வண்டியில் அவளுக்கு மூச்சுமுட்டியது.

"சாயங்காலம் புயல் கரையைக் கடக்குதாம். கிரேன் கை திரும்பாம நிக்குது" என்றாள் கணவனிடம்.

அவன் பஸ் டிரைவர். அன்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். "கட்டடக் கம்பெனிக்கு ஃபோன் போடு."

"போட்டேன். அடிச்சுக்கிட்டே இருக்கு. தீயணைப்புக்காரங்க தெருவைக் காலி பண்ண ஆரம்பிச்சிருக்காங்க. ஆனா அவங்ககிட்ட கிரேன் ஏறி இறங்கின ஆளில்லையாம்."

"அப்ப நாமளும் கிளம்புவோம். புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடலாம். ஊரையே நீ ஒருத்தி சுமக்கணும்னு ஏதாவது தலையெழுத்தா?"

"கீழ்வீட்டு வாத்தியாரை யாருங்க தூக்கிட்டுப் போறது?"

வாத்தியார் மூக்கில் குழாயோடு படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஆம்புலன்ஸ் வரிசையில் அவர் முறை வரவே இல்லை. கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பரணில் ஏறி, தூசிபடிந்த சேஃப்டி பெல்ட்டை எடுத்து, ஒவ்வொரு கொக்கியாக இழுத்துப் பார்த்தான். "புள்ள கேட்டா நான் என்னடி சொல்லட்டும்?" என்றான். அவள் கையை நீட்டினாள். பெல்ட்டை வாங்கும்போது அவன் விரல்கள் விடவில்லை. பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சைட்டைப் பார்த்துக்கொள்ள விட்டுவைத்திருந்த இன்ஜினியர் பையன் கேட்டருகே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"போகச் சொல்ற அதிகாரம் எனக்கு இல்லக்கா. போகாதீங்கன்னு சொல்ற தைரியமும் இல்ல."

"கேட்டைத் தொறங்க சார். அது போதும்."

திறந்தவன் தானும் ஒரு பெல்ட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். லிஃப்டுக்குக் கரண்ட் இல்லை. படியேறினார்கள். முதலில் சுவர் வைத்த தளங்கள், பிறகு ஜன்னலில்லாத தளங்கள், பிறகு சுவரே இல்லாதவை. ஏற ஏறக் கட்டடம் தன் உடுப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுவது போலிருந்தது. உச்சியில் சில தளங்களுக்கு வெளிப்பக்கம் கட்டிய இரும்புப் படிதான். அதில் கால்வைத்ததும் காற்று இருவரையும் கம்பியோடு சேர்த்து அழுத்தியது. கடைசித் தளத்தில் இன்ஜினியர் உட்கார்ந்துவிட்டான். 

"இங்கயே இருங்க சார். தூணோட பெல்ட்டை மாட்டிக்குங்க."

கிரேனின் ஏணிக்கூண்டுக்குள் அவள் தனியாக ஏறினாள். இரும்பு முழுக்க முனகியது. கொக்கியை மாட்டு, ஏறு, கழற்று. வேறு எதையும் நினைக்கக் கூடாதென்று அதையே முணுமுணுத்துக்கொண்டாள். கிரேனின் கை சுழலும் மேடைக்கு வந்தபோது கடல்பக்கம் வானமும் நீரும் ஒரே கறுப்பாகியிருந்தன. பிரேக்கின் கைநெம்புகோலைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். மேடை ஒருமுறை பின்பக்கம் சாய்ந்து, மறுபடி மெல்ல நிமிர்ந்தது.  இத்தனை வருஷத்தில் இந்தக் கிரேன் அப்படிச் சாய்ந்து அவள் பார்த்ததில்லை.

"விடுடி" என்று கிரேனைப் பார்த்துக் கத்தினாள். "என்னைத் தெரியலையா உனக்கு? விடு!"

இடுப்பு பெல்ட்டை நெம்புகோலில் சுற்றி, முழு உடம்பையும் பின்னால் எறிந்தாள். 'டக்'கென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு கடல் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது. துறைமுகம், பாலம், தீப்பெட்டிகளாய் வீடுகள் எல்லாம் அவளைச் சுற்றி ஓடத் தொடங்கின. கம்பியைக் கட்டிக்கொண்டு கண்களை மூடிக்கொண்டாள். கிரேனின் கை ஊர்ப்பக்கம் திரும்பி, அலைந்து, காற்றோடு படிந்து நின்றபோது அவள் ஓங்கி அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கே அது கேட்கவில்லை.

கடைசித் தளத்துக்கு இறங்கியபோது மழை பிடித்துவிட்டது. வெளிப்படியில் இனி இறங்க வழியில்லை. புயல் கடக்கும்வரை இங்கேதான். இன்ஜினியருக்குப் பக்கத்தில் அதே தூணில் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். அவன் அவளுடைய உரிந்த கையைத் தன் சட்டைத்துணியால் சுற்றினான். 

ஃபோன் அடித்தது. கணவன்.

"எங்க இருக்க?"

"இங்கதான். பயப்படாதீங்க. கிரேன் திரும்பிடுச்சா, பாருங்க."

"மழையில ஒண்ணுமே தெரியலடி." அவன் குரல் உடைந்தது. "கட்டடமே தெரியல."

பேச்சு அறுந்தது. சுவரில்லாத நாலு பக்கமும் வெள்ளையாக மழை. அவள் ஈரத் தூணில் தலையைச் சாய்த்து, மூச்சை அடக்கிக் கேட்டாள். மேலே எங்கோ, மேகத்துக்குள், கனத்த இரும்பொன்று முனகாமல் கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.