தூணோரத்து இடம்

உப்பளத்துத் தண்ணீரில் மழை விழுந்துகொண்டிருந்தது. ஆயிரம் சின்ன வட்டங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒற்றை ரோடு. ரோட்டின் நடுவில் ஒரு நீலச் சைக்கிள், அசையாமல்.

சைக்கிள் நின்றுவிட்டது. அதுதான் பயம்.

நாய் ஒன்று குறுக்கே ஓடியது. இசக்கியம்மாளின் விரல்கள் பழைய ஞாபகத்தில் பிரேக்கைப் பிடித்தன. பிடித்த இடத்தில் சைக்கிள் நின்றது. நாய் போய்விட்டது. அவள் ஒற்றைக் காலை ஊன்றி நின்றாள். நெஞ்சு மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

அவளுடைய சைக்கிளில் பிரேக் கிடையாது.

மணியை அடித்துப் பார்த்தாள். கிணிங் என்றது. அவள் மணி அப்படிச் சொல்லாது. உப்புக் காற்றில் துருவேறி எப்போதோ வாயடைத்துப் போன மணி அது. டக் என்று மட்டும்தான் சொல்லும்.

கிணிங் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்ட சத்தம். ஒரு மாதமாகக் கேட்காத சத்தம்.

ஜெனோவாவுடையது.

பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் கொடுத்த சைக்கிள். எல்லாம் ஒரே நீலம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே மாதிரிக் கூடை. மழை நாளில் எல்லா சீட்டுக்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் பை. இருநூறு சைக்கிளில் தன்னுடையதை எப்படிக் கண்டுபிடிப்பது? இடத்தை வைத்துத்தான்.

ஷெட்டில் மூன்றாவது தூண். தூணோரம் ஜெனோவாவின் இடம். அதற்கு அடுத்தது இசக்கியின் இடம். முதல் நாளிலிருந்து அப்படித்தான்.

சண்டைக்குப் பிறகு ஜெனோவா கேட் பக்கம் போய் நிறுத்த ஆரம்பித்தாள். தூணோரம் காலியானது. இசக்கி மட்டும் தன் இடத்திலேயே நிறுத்தினாள். சாயந்தரம் போனால் தூணிலிருந்து முதலில் நிற்பது அவள் சைக்கிள். ஒரு மாதம் போதும், கைக்கு ஒரு பழக்கம் வர.

இன்றைக்குக் கரண்ட் இல்லை. ஷெட்டுக்குள் இருட்டு. தகரத்தின் மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் எதையும் யோசிக்க முடியவில்லை. தூண், முதல் சைக்கிள், கைக்கு வந்த சாவி. திறந்தது. ஏறிப் போய்விட்டாள்.

ஏன் திறந்தது என்றால், அவள் வளையத்தில் இரண்டு சாவி. ஒன்று அவளுடையது, ஒன்று ஜெனோவாவினுடைய டூப்ளிகேட். ஜெனோவாவின் வளையத்திலும் அதே மாதிரி இரண்டு. ஒருத்தி தொலைத்தால் இன்னொருத்தி இருக்கிறாள் என்று பிளஸ் ஒன் ஆரம்பத்திலேயே மாற்றிக்கொண்டது. பேச்சு நின்ற பிறகும் சாவியை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்கவும் இல்லை.

அப்படியென்றால் ஜெனோவாவிடம் இப்போது இசக்கியின் சாவி இருக்கிறது.

இன்றைக்குப் புதன்கிழமை. பயாலஜி பிள்ளைகளுக்கு லேப். அரை மணி நேரம் கழித்துத்தான் விடுவார்கள். ஜெனோவா ஷெட்டுக்கு வருவாள். தன் சைக்கிளைக் காணோம். பக்கத்தில் இசக்கியின் சைக்கிள். கையில் சாவி. அவள் எடுப்பாள்.

எடுத்து, பாலத்தில் ஏறுவாள்.

இசக்கி சைக்கிளைத் திருப்பினாள்.

*

பாலம். பள்ளிக்கூட கேட்டைத் தாண்டினதும் ரயில்வே பாலத்து ஏற்றம். ஏற்றத்தில் யாரும் மிதிப்பதில்லை, தள்ளிக்கொண்டுதான் போவார்கள். உச்சியில் ஏறி உட்கார்ந்தால் அந்தப் பக்கம் நேரே சரிவு. சரிவின் அடியில் உப்பு லாரிகளின் எடைமேடை. அதன் மஞ்சள் போர்டு. போர்டுக்குப் பின்னாலிருந்து லாரிகள் எட்டிப் பார்க்காமல் ரோட்டுக்கு வரும்.

போர்டுக்குத்தான் பிரேக்.

அது அவர்கள் இரண்டு பேரும் போட்ட சட்டம். உச்சியில் ஒன்றாகக் காலைத் தூக்குவார்கள். போர்டு வரைக்கும் பிரேக்கில் விரல் படக் கூடாது. முதலில் பிடித்தவள் தோற்றாள்.

காது இரண்டும் காற்றால் அடைத்துப் போகும். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாலும் படபடக்கும். கீழே வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள், வெயிலில் கண் கூசும். ஜெனோவா கத்திக்கொண்டே போவாள். இசக்கி கண்ணை மூடிக்கொண்டே போவாள். எப்போதும் இசக்கிதான் தோற்பாள். ஜெனோவா ஒரு நாளும் முன்னால் பிடித்ததில்லை.

ஒரு நாளும் பிடித்ததில்லை.

அதை நினைத்ததும் இசக்கியின் கால் இன்னும் வேகமாக மிதித்தது.

முன் பிரேக் கட்டை தேய்ந்து நாளாகிவிட்டது. பின் பிரேக் கம்பி பதினைந்து நாளைக்கு முன்னால் அறுந்தது. நாளைக்குக் கடையில் விட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். வீட்டில் சொன்னால் சைக்கிளே வேண்டாம், வேனில் போ என்பார்கள். அதனால் சொல்லவில்லை. பாலத்து இறக்கத்தில் இடது செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து இறங்கப் பழகிவிட்டாள். இன்றைக்கும் அப்படித்தான் இறங்கினாள். அதனால்தான் சைக்கிள் மாறினது தெரியவில்லை.

ஜெனோவா கூட வந்துகொண்டிருந்தால், அறுந்த அன்றைக்கே காதைப் பிடித்துக் கடைக்கு இழுத்துப் போயிருப்பாள்.

*

எதிர்க்காற்று. மழை ஊசி ஊசியாக முகத்தில். ஒரு லாரி தாண்டிப் போகையில் சேற்றுத் தண்ணீரை வாரி இறைத்தது. வாயில் உப்புக் கரித்தது.

ஆடிக் காற்றில் இந்த ரோட்டில் தனியாகப் போக முடியாது. இரண்டு பேர் என்றால் போகலாம். ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஒருத்தி முன்னால், காற்றை வாங்கிக்கொண்டு. மற்றவள் அவள் முதுகுக்குப் பின்னால், நிழலில் உட்கார்ந்த மாதிரி. கம்பம் வந்ததும் மாறுவார்கள். "ஏட்டி, நீ ஏமாத்துத, ரெண்டு கம்பமா நான்தான் முன்னால போறேன்" என்று ஜெனோவா கத்துவது காற்றில் பாதிதான் வந்து சேரும். மீதிப் பாதியை இசக்கியே போட்டு நிரப்பிக்கொள்வாள்.

இப்போது எல்லாக் கம்பத்துக்கும் அவளேதான் முன்னால்.

ஒரு கம்பம். இன்னொரு கம்பம்.

மார்கழிப் பனியில் ஒருத்தி தலைமுடியில் நின்ற பனித்துளியை ஒருத்தி பார்த்துச் சிரித்த ரோடு இது. செயினுக்குப் போட வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெயைத் திருடிக்கொண்டு வந்து, இரண்டு பேர் வெள்ளைப் பேன்ட்டிலும் கறையாக்கிக்கொண்ட ரோடு. ஜெனோவாவுக்குப் பஞ்சர் ஆன அன்றைக்கு நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். இசக்கி ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. அது ஒரு விஷயமாகவே அன்றைக்குத் தோன்றவில்லை.

அப்புறம் ஒரு காலையில் இசக்கியின் மாமா பைக்கில் வந்தார். ஏறு, விட்டுவிடுகிறேன் என்றார். ஏறிவிட்டாள். ஜெனோவா தெரு முக்கில் காத்திருப்பாள் என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. மாமாவிடம் திருப்பச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஜெனோவா முக்கால் மணி நேரம் நின்றாள். அன்றைக்குக் காலாண்டுப் பரீட்சை. இருபது நிமிஷம் ஹாலுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள்.

"ஒனக்காக நிக்கதுக்கு நான் என்ன சைக்கிள் ஸ்டாண்டா?" என்று கேட்டாள். எல்லாருக்கும் முன்னால். பிள்ளைகள் சிரித்தார்கள். இசக்கிக்கு மன்னிப்புத்தான் கேட்க வேண்டும், தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பில் வாய் வேறு மாதிரித் திறந்தது. "நிக்கச் சொல்லி நான் கேட்டனா?"

அவ்வளவுதான். ஒரு மாதம்.

*

மழைக்குள் பாலம் தெரிந்தது. சாம்பல் நிறத்தில், யானை முதுகு மாதிரி.

மஞ்சள் போர்டுக்கு அருகில் ஒரு லாரி ஏறக்குறைய ரோட்டுக்கு வந்து நின்றிருந்தது. வைப்பர் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கீழே எதுவும் கிடக்கவில்லை. கூட்டம் இல்லை. அதைப் பார்த்துவிட்டு மேலே பார்த்தாள்.

சரிவின் நடுவில் ஒரு நீலம்.

"ஏறாத," என்று கத்தினாள். "ஜெனோ, ஏறாத."

நீலம் நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. மெதுவாக. மிகவும் மெதுவாக. அப்புறம்தான் தெரிந்தது. ஜெனோவா சைக்கிளில் இல்லை. தலையில் லேப் கோட்டைப் போர்த்திக்கொண்டு, ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள்.

இசக்கி சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு மேலே ஓடினாள்.

"எதுக்குட்டி இப்பிடி ஓடியார? நாய் வெரட்டுதா?"

ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

"ஏறாத."

"நான் எங்க ஏறுனேன்? கண்ணு தெரியலையா ஒனக்கு?"

"பிரேக் இல்ல. அதுல பிரேக் இல்ல."

ஜெனோவா நின்றாள். விரலை மடக்கிப் பிரேக்கை அழுத்தினாள். அது போய் ஹேண்டிலோடு ஒட்டிக்கொண்டது. இன்னொன்றையும் அழுத்தினாள். அதுவும். கீழே மஞ்சள் போர்டைப் பார்த்தாள். லாரி உறுமிக்கொண்டு ரோட்டில் ஏறித் திரும்பியது. அது போகிற வரைக்கும் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"பதினஞ்சு நாளு."

"அப்ப எப்பிடி எறங்குத?"

இசக்கி இடது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஜெனோவா அவள் காலைப் பார்த்தாள். வலது செருப்பு நன்றாக இருந்தது. இடது செருப்பு ஒரு பக்கம் காகிதம் மாதிரி தேய்ந்து போயிருந்தது.

"மூதி," என்றாள். "செத்துக் கித்துத் தொலைஞ்சா என்னட்டி செய்வ?"

"நீ ஏன் ஏறல?"

"எதுல?"

"உச்சில. நீ ஏறி விட்டுருப்பேன்னு நெனச்சுத்தான் நான் ஓடியாந்தேன்."

ஜெனோவா லேப் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "தனியா எதுக்கு விட? யாரு கூடப் போட்டி?" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு மாசமா தள்ளிட்டுத்தான் எறங்குதேன்" என்றாள்.

இசக்கிக்கு அழுகை வந்தது. மழை பெய்தது நல்லதாகப் போயிற்று. ஜெனோவா எடைமேடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அங்கே பார்க்க எதுவும் இல்லாவிட்டாலும்.

"அன்னைக்கி மாமா பைக்குல..."

"சரி, சரி. ஓரமா வா. லாரி வருது."

*

இரண்டு பேரும் நடந்தே இறங்கினார்கள். சைக்கிளுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. ஹேண்டிலில் ஆளுக்கு ஒரு கை.

மஞ்சள் போர்டு வந்தது. தாண்டினார்கள்.

"யாரும் பிடிக்கல," என்றாள் ஜெனோவா.

"பிடிக்க அதுல என்ன இருக்கு?"

ஜெனோவா சிரித்தாள். கீழே கிடந்த தன் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள். சகதி ஒட்டிய கூடையைத் தட்டிவிட்டாள். கூடை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. சைக்கிளைக் கொண்டுவந்து இசக்கியின் கையில் கொடுத்துவிட்டு, பிரேக் இல்லாததைத் தான் வாங்கிக்கொண்டாள்.

"நீ இத எடு. சமரோடுதான, நான் மெல்லமா வாரேன். நாளைக்கி முத வேல கட."

"வீட்ல..."

"வீட்ல யாரு சொல்லப் போறா?"

ஏறி மிதித்தார்கள். மழை தூறலாகிவிட்டது, காற்றும் திசை மாறி இப்போது வீட்டுப் பக்கமிருந்து எதிரே வந்தது. மேகத்துக்கு அடியில் மேற்கே ஒரு கீற்று வெளிச்சம் திறந்தது. இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஒரே சமயத்தில் செம்பு நிறமாயிற்று.

முதல் கம்பத்தில் இசக்கி கேட்டாள். "தூணோரம் எதுக்கு நிப்பாட்டுன?"

"வேற எடம் இல்லல்லா."

இசக்கி மிதித்துக்கொண்டே யோசித்தாள். காலையிலிருந்து மழை. பாதிப் பிள்ளைகள் வரவேயில்லை. பாதி ஷெட் காலியாகக் கிடந்தது.

அது மட்டுமில்லை. யாரிடமும் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. இந்த ஒரு மாதமும் அவள் சைக்கிளை நேராக நிறுத்தியதில்லை. பின் சக்கரத்தைத் தூண் பக்கமாக ஒடித்து, கொஞ்சம் குறுக்கே வைப்பாள். வேறு யாரும் தூணோரம் நுழைந்துவிடாதபடி. பார்க்கிறவர்களுக்கு அவசரத்தில் கோணலாக நிறுத்திய மாதிரி இருக்கும். அவ்வளவுதான் இருக்கும்.

அந்த இடத்துக்குள் ஒரு சைக்கிளை விட வேண்டும் என்றால் முதலில் இசக்கியின் சைக்கிளைத் தூக்கி நேராக்க வேண்டும்.

இன்றைக்கு யாரோ நேராக்கியிருக்கிறார்கள்.

அடுத்த கம்பம் வந்தது. ஜெனோவா முன்னால் போனாள், காற்றை வாங்கிக்கொண்டு. அவள் முதுகுக்குப் பின்னால் காற்று இல்லை. மணி அடித்தாள். டக். இசக்கி பதிலுக்கு அடித்தாள். கிணிங்.

தண்ணீரில் இன்னும் சின்னச் சின்ன வட்டங்கள். ஒன்று விரிந்து இன்னொன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்த இடம் தனக்காகத்தான் காலியாக இருக்கிறது என்று, எந்த நாளிலிருந்து ஜெனோவாவுக்குத் தெரியும்?