நான்கு ஹால், நான்கு பானை

டமார்!

மேடை மேசையிலிருந்து உருண்ட மண்பானை தரையில் விழுந்து சுக்கலானது. உள்ளே இருந்த சிப்பிகள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கால்களுக்கிடையே சிதறி ஓடின.

"ஏலே, யார்லே மேசைய இடிச்சது?" உடற்கல்வி ஆசிரியர் கிளாட்வின் மைக்கிலேயே கத்தினார்.

ஏஞ்சலின் டீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு சிப்பிகளைப் பொறுக்கக் குனிந்தாள். அந்தப் பள்ளியின் பழைய வழக்கம் அது. ஆறாம் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் பானைக்குள் கைவிட்டு ஒரு சிப்பி எடுக்க வேண்டும். நூல் கட்டி மூடிய சிப்பியைத் திறந்தால் உள்ளே ஒரு வண்ணம் பூசியிருக்கும். நீலம் என்றால் பிலிப் ஹவுஸ், மஞ்சள் என்றால் மார்த்தா, பச்சை ஹென்றி, சிவப்பு எட்வின். பள்ளிக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் நான்கு பழைய போர்டிங் ஹால்களின் பெயர்கள் அவை. முத்துக் குளித்த கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான குலுக்கல் எங்கே இருக்கிறது என்று ஆண்டு மலரில் தவறாமல் எழுதுவார்கள். பெற்றோர்கள் செல்போனில் படம் பிடிப்பார்கள்.

விழுந்த வேகத்தில் சிப்பிகளின் நூல்கள் அறுந்திருந்தன. ஏஞ்சலின் கையில் எடுத்த முதல் சிப்பி சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. அதற்கடுத்ததும்.

"டீச்சர், இங்கன கெடக்கது எல்லாமே செவப்பு!" என்றான் இனிகோ என்ற வாலுப் பையன். "ஒரு பானைக்கு ஒரு கலரா டீச்சர்? அப்போ என்னத்துக்கு எங்களைக் கண்ண மூடச் சொல்லுதீங்க?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஏஞ்சலினுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேசையில் இன்னும் மூன்று பானைகள் துணி மூடி நின்றன. எல்லாவற்றிலும் எல்லா நிறமும் கலந்திருக்கும், கூட்டம் சீக்கிரம் நகர்வதற்காகத்தான் நான்கு பானை என்றுதான் அவள் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தாள். கிளாட்வின் சார் பெயரை வாசிப்பார், ஏதாவது ஒரு பானையை முன்னால் நகர்த்துவார், பிள்ளை எடுக்கும். அவ்வளவுதான்.

அவள் அடுத்த பானையின் துணியை விலக்கி, கைக்கு வந்த சிப்பிகளைப் பிரித்துப் பார்த்தாள். நீலம். நீலம். நீலம்.

கிளாட்வின் ஓடி வந்து துணியை இழுத்து மூடினார். "விடுங்க டீச்சர், புள்ளைங்க பாக்குது." மைக்கில், "கொஞ்ச நேரம் இடைவேளை!" என்று அறிவித்துவிட்டு இறங்கி நடந்தார். ஏஞ்சலின் விடவில்லை. பின்னாலேயே போனாள்.

போகும்போது வரிசையைப் பார்த்தாள். அடுத்துப் பெயர் வாசிக்க வேண்டிய பிள்ளை கண்ணை மூடிக் கைகூப்பி நின்றது. ஜெஸ்லின். அவளுடைய சொந்த மகள்.

நான்கு ஹால்களுக்கு முன்னால் கிளாட்வின் நின்றார். ஓடு சரிந்த நீளக் கட்டடங்கள். ஒன்றில் உடைந்த பெஞ்சுகள், இன்னொன்றில் விளையாட்டுச் சாமான்கள்.

"சொல்லுங்க சார். யாரு, எதுக்காக இதச் செய்யிதீங்க?"

"நானாச் செய்யல டீச்சர். எனக்கு முன்னால இருந்த சார் சொல்லிக் கொடுத்தாரு, அவருக்கு முன்னால இருந்தவரு அவருக்கு." கிளாட்வின் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "போர்டிங் இருந்த காலத்துல, பிள்ளையச் சேக்க வாரவங்க ஒரே கேள்விதான் கேப்பாங்களாம். 'எம்பிள்ள யார் பக்கத்துல உக்காந்து சாப்பிடும்?' பள்ளிக்கூடத்தக் கட்டுன வெள்ளக்காரத் தொரை பாத்தாரு. நாலு ஹாலாக் கட்டிட்டாரு. பிலிப்புல கடக்கரைப் பிள்ளைங்க. மார்த்தாவுல ஆத்தங்கரைப் பண்ணை வீட்டுப் பிள்ளைங்க. ஹென்றியில உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டுப் பிள்ளைங்க."

"எட்வின்ல?"

அவர் கடைசிக் கட்டடத்தின் சுவரைக் காட்டினார். மற்ற மூன்று ஹால்களுக்கும் சமையல்கட்டுப் பக்கம் வாசல் இருந்தது. எட்வின் ஹாலுக்கு அந்தப் பக்கம் வாசல் இல்லை. முழங்கால் உயரத்தில், ஒரு தட்டு நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை மட்டும் இருந்தது.

ஏஞ்சலினுக்கு அந்த ஓட்டையைத் தெரியும். அவள் படித்த நாளில் பிள்ளைகள் அதில் காகிதத்தைத் தள்ளிவிட்டுத் தபாலாபீஸ் விளையாடுவார்கள்.

"பண்ணையார் வயல்ல எறங்கி வேல செஞ்சவங்க பிள்ளைங்க," என்றார் கிளாட்வின் மெதுவாக. "சமையக்காரன் உள்ள வரமாட்டானாம். அது வழியாத் தள்ளி விடுவானாம். போர்டிங் போச்சு. பேரு மட்டும் ஹவுஸ் ஆச்சு."

"பேரு மட்டுமா சார்?"

"ஒரு வருசம் ஒழுங்காக் கலந்து போட்டுப் பாத்தோம் டீச்சர். மறுநாளே டி.சி. கேட்டு வாசல்ல நின்னாங்க. நாலு சாதியிலயும் நின்னாங்க. என்னைய என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"அப்போ எனக்கு வந்த நீலம்?"

"தருவைகுளம்னு கடக்கரை ஊர் பேரச் சொன்னதுமே நீலப் பானையத் தள்ளியிருப்பாரு அப்ப இருந்த சாரு."

ஏஞ்சலினுக்கு நீலம் வந்த அன்று வீட்டில் கேக் வெட்டினார்கள். மாதா தந்த நிறம் என்று அப்பா தெரு முழுக்கச் சொன்னார். அதே அப்பா, அவள் சுடலைக்கண்ணனைக் கட்டிக்கொண்டபோது வீட்டுப் படி ஏறவிடவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சுடலைக்கண்ணனும் இதே பள்ளிதான், எட்வின் ஹவுஸ்தான். எப்போதும் கடைசியாக வரும் ஹவுஸ். 'எனக்கு நீலம், உமக்குச் சிவப்பு. உம்ம கை ராசி அப்படி' என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள்! அவனும் ஒவ்வொரு தடவையும் சிரித்திருக்கிறான்.

மைதானத்திலிருந்து பிள்ளைகளின் இரைச்சல் வந்தது. ஜெஸ்லின் அங்கே காத்திருக்கிறாள்.

"எம்மவளுக்கு எந்தப் பானைய நகத்தப் போறீங்க சார்? அவ பாதி கடக்கரை, பாதி வயக்காடு. உங்க நாலு ஹால்ல அவளுக்கு ஹால் ஏது?"

கிளாட்வின் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"நான் இப்பப் போயி எல்லாச் சிப்பியையும் தரையில கொட்டிக் கலக்குதேன். டி.சி. கேக்கவன் கேக்கட்டும். என் வேல போனாப் போவட்டும்."

"கலக்குங்க டீச்சர். நான் தடுக்க மாட்டேன்." அவர் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ பாரம் இருந்தது. "ஆனா ஒங்க பிள்ளைக்குச் செவப்பு வந்துட்டா?"

"வரட்டும்! அவ அதுக்குத்தான் கண்ண மூடிக் கும்பிட்டுட்டு நிக்கா. 'அப்பா ஹவுஸ்தான் வேணும்'னு ஒரு வாரமா வீட்டுல ஒரே பாட்டு. செவப்பு வந்தா முதல்ல சந்தோசப்படுதது எங்க வீட்டுக்காரராத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு மேடையை நோக்கித் திரும்பினாள். கிளாட்வின் அவளைத் தாண்டி வந்து வழியில் நின்றார்.

"நேத்து டூட்டி முடிஞ்சு நேரா என் வீட்டுக்கு வந்தாரு டீச்சர் ஒங்க வீட்டுக்காரரு. 'சார், எம்பிள்ளைய எதுல வேணும்னாலும் போடுங்க, எட்வின்ல மட்டும் போட்டுறாதீங்க'ன்னு பிடிச்ச கைய விடவே இல்ல."