கூபுக்குள் முனி

நான் சைக்கிள் ஓட்டுவது தொப்பையைக் குறைக்க அல்ல என்பதை என் மனைவி லூசி இன்றுவரை நம்பவில்லை. "ஆறு வருஷமா ஓட்டுறீங்க, தொப்பை அங்கேயேதான் இருக்கு லா," என்பாள். இருந்துவிட்டுப் போகட்டும். நான் தேடிப் போவது வேறு.

பெயர் மாரிஸ். ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு பிரிக்பீல்ட்ஸ். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்பதால் சனிக்கிழமை என் நாள். விடியும் முன் சைக்கிளைக் காரில் ஏற்றிக் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து ஓட்டத் தொடங்குவேன். தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலைகள் முடிந்து பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில்தான் எனக்கு ஒழுங்காக மூச்சு வரும். கூட்டமாக ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எல்லாருக்கும் ஒரே சட்டை, அரை மணிக்கு ஒரு படம், பிறகு ரொட்டி சானாய். அதில் ஒருவர்கூடச் சாலையோரத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் பார்ப்பவன். தேடுவது கூபுகளை. ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று பயந்து வெள்ளைக்காரன் சாலையோரங்களில் அவசரமாகக் கட்டிய சின்னச் சிமெண்டு அறைகள் அவை. முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர், துப்பாக்கி நீட்ட ஒரு நீளத் துவாரம், பின்பக்கம் குனிந்து நுழைய ஒரு வாசல். மலாயில் கூபு என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். ஆறு வருடத்தில் பதினொன்றைக் கண்டுபிடித்துப் படமும் அளவும் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் ஆடு கட்டியிருந்தார்கள். ஒன்று பாதி சேற்றுக்குள் போய்விட்டது. பன்னிரண்டாவது ஒன்று இருப்பதாகப் பழைய வரைபடம் ஒன்று சொன்னது. அது மட்டும் என் கண்ணில் படாமல் இருந்தது.

கடைசியில் பட்டதற்குக் காரணம் ஒரு முள். வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் முள் பின் டயரில் ஏறிவிட்டது. டியூபைக் கழற்றிப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டும். சற்றுத் தள்ளி, சாலை வளையும் இடத்தில், தகரக் கூரை போட்ட ஒரு முனீஸ்வரர் கோயில் இருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். பவுனம்மாள் என்று பிறகு சொன்னார். கேட்பதற்கு முன்பே ஒரு பேசின் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"பசியாறிட்டீங்களா தம்பி?"

"ஆச்சுக்கா."

"பொய் சொல்லாதீங்க. மூஞ்சியில தெரியுது."

அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பாலும் வந்தன. இரண்டாவது துண்டைக் கடிக்கும்போதுதான் கோயில் சுவரைப் பார்த்தேன். மஞ்சளும் சிவப்புமாகச் சாயம் அடித்த சுவர், ஆனால் முழங்கை நீளத் தடிப்பு. சாலையைப் பார்த்தபடி ஒரு நீளத் துவாரம், அதில் ஓர் அகல் விளக்கு. கையில் கிழங்கோடு எழுந்துவிட்டேன். ஆறு வருடமாகத் தேடிய கூபுக்குள் முனி மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன மாதிரியான கட்டடம், அதற்கு மேல் எண்ணெய்ச் சாயம், தரைக்குக் குளியலறை டைல்ஸ், உச்சியில் ஆணி அடித்து ஒரு சூலம். எங்கள் ஆட்களுக்கு ஒரு கல்லைச் சும்மா விடத் தெரியாது என்று மனசுக்குள் திட்டினேன். வெளியே, படம் எடுக்கலாமா என்று மட்டும் கேட்டேன். "தாராளமா எடுங்க," என்று அந்த அக்கா விளக்கைக்கூட நகர்த்திக் கொடுத்தார்.

அன்று இரவே அறிக்கை எழுதி, பழைய கட்டடங்களைக் காக்கும் இலாகா ஒன்றுக்கு அனுப்பினேன். கட்டடம் அனுமதியில்லாமல் ஆக்கிரமிக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரியை எழுதியவன் நான்தான், வேறு யாருமில்லை.

மூன்று வாரத்தில் சுரையா என்ற அதிகாரி கூப்பிட்டாள். இளம் குரல், மரியாதையான மலாய். அறிக்கை அருமை என்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை நேரில் வருகிறாளாம், நானும் வந்து அடையாளம் காட்ட வேண்டுமாம். கூபுதான் என்று உறுதியானால் பதிவு செய்துவிடுவார்களாம். "பதிவானதும் உள்ளே இருக்கிற சிலை, சாமான் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிக் கடிதம் போகும், அங்கிள். அதுதான் வழக்கம்."

போனை வைத்ததும் லூசியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்த அம்மா கொடுத்த கிழங்கு செரிச்சிருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று சின்ன வயதில் கேட்டதெல்லாம் யாருக்கோ சொன்னது என்றுதான் நினைத்திருந்தேன். கடிதம் போய்ச் சேரும் முன்பாவது நானே சொல்லிவிட வேண்டும் என்று சனிக்கிழமை கிளம்பினேன். அந்த முறை சாலை நீளமாக இருந்தது. வாய்க்கால் ஓரம் முழுக்க எதிர்க்காற்று. காய்க்குலை ஏற்றிய லோரி ஒன்று உரசிக்கொண்டு போனது, திட்டக்கூட மனம் வரவில்லை.

பவுனம்மாள் எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இது வெள்ளைக்காரன் கட்டுனதுன்னு எனக்குத் தெரியாதா தம்பி? நான் இங்கயே பொறந்தவ. மூணுபாலத் தோட்டம்னு பேரு அப்ப. எல்லாம் ரப்பர். நாங்க குடியிருந்த லயம் அந்தப் பக்கம் இருந்துச்சு." செம்பனைக்குள் கையைக் காட்டினார். அங்கே இப்போது ஒன்றும் இல்லை. "கட்டுனான், ஒரு குண்டுகூடச் சுடல, ஓடிட்டான். இது காப்பாத்துனது ஒரே ஒரு ஆளை. எங்கப்பா, சடையன்."

பிறகு சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு சாயந்திரம், தோட்டத்துத் திடலில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று தமுக்கு அடித்தார்கள். பஞ்ச காலத்தில் படம் என்றால் யார் விடுவார்கள். எல்லாரும் போனார்கள். சடையனுக்குப் பதினேழு வயது. வேலை வாங்கும் தண்டலுடைய கொல்லையில் மரவள்ளிக்கிழங்கு திருடியிருந்தான். அதைப் பங்கு கேட்க ஆளில்லாத நேரத்தில் சுட்டுத் தின்ன இந்தக் கூபுக்குள் நுழைந்தான். படம் பார்க்கப் போன ஆண்களை அப்படியே லோரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமில் ரயில் பாதை போட. பதினெட்டுப் பேர். ஒருவரும் திரும்பவில்லை.

"மூணு நாள் உள்ளயே கெடந்தாராம். வெளிய வந்து, வாசல்ல ஒரு கல்லை நட்டு, முனியப்பான்னு கும்புட்டாராம். அதான் கோயில். வருஷா வருஷம் படையல்ல பதினெட்டு எலை போடுவாரு. ஒவ்வொரு எலைக்கும் பேரு சொல்லிக் கிழங்கு வெப்பாரு. அவரு போனதுக்கப்பறம் நான் வெக்கிறேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் அளவுகளும் படங்களும் ஒரு கோப்பு நிறைய இருந்தன. இதில் ஒரு வரிகூட அந்தக் கோப்பில் இல்லை. எனக்கு என்மேலேயே வெட்கமாக இருந்தது.

"நான் சரி பண்றேங்க்கா," என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை அது கூபு இல்லை என்று சொல்லிவிடுவது. கண்டுபிடித்தவன் நான், தவறு என்று நானே சொன்னால் முடிந்தது கதை. பன்னிரண்டு மறுபடி பதினொன்றாகும். பொய்க்குப் பாவமன்னிப்பு ஃபாதரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சுரையா சொன்ன நேரத்துக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும், கையில் ஒரு கோப்பு. கோயில் வாசலில் யாரும் சொல்லாமலே காலணியைக் கழற்றிவிட்டு நின்றாள். எனக்கு அது இன்னும் சங்கடமாகிவிட்டது.

"மன்னிக்கணும் புவான்," என்று மலாயில் ஆரம்பித்தேன். "வீண் அலைச்சல் கொடுத்துட்டேன். இது கூபு இல்ல. தோட்டத்துல ரப்பர் பால் உறைய வைக்கிற அமிலம் வெச்சிருந்த ஸ்டோர். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவள் சுவரைத் தட்டிப் பார்த்தாள். "ஸ்டோருக்கு எதுக்கு அங்கிள் இவ்வளவு தடிச்ச சுவர்?"

"அந்தக் காலத்துல அப்படித்தான் கட்டுவாங்க."

"இந்த ஓட்டை?"

"காத்து வர."

முப்பத்தைந்து வருடம் சிக்னலில் நின்றவனுக்கு ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் அவள் நம்பத் தயாராகத்தான் இருந்தாள். கோப்பை மூடப் போனாள். நான் மூச்சு விட்டேன்.

"தம்பி, நீங்க சும்மா இருங்க," என்றார் பவுனம்மாள், உள்ளேயிருந்து வந்து. பிறகு சுரையாவிடம் திரும்பி, தோட்டத்து மலாயில் பேசினார். "இவர் நல்ல மனுஷர், எனக்காகப் பொய் சொல்றார். இது கூபுதான். எங்கப்பா இதுக்குள்ள ஒளிஞ்சிருந்தார்." லோரி, படம், கிழங்கு, பதினெட்டுப் பேர், எல்லாவற்றையும் சொன்னார்.

நான் தமிழில் குறுக்கிட்டேன். "அக்கா, என்ன பண்றீங்க? கூபுன்னு எழுதிட்டா முனியை வெளிய எடுத்துருவாங்க."

"எடுக்கட்டும் தம்பி. முனி எந்த மரத்தடியிலயும் உக்காந்துக்குவாரு. அமிலம் வெச்ச எடம்னு எழுதிட்டுப் போனா, இந்தப் பதினெட்டுப் பேரு எங்க போய் உக்காருவாங்க? சயாம்ல குழிகூடக் கெடையாது அவங்களுக்கு."

அக்கா என்ன சொன்னார் என்று சுரையா கேட்டாள். மொழிபெயர்த்தேன். பாதியில் குரல் உடைந்தது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"முடிவு என் கையில் இல்லை, ஆன்டி," என்றாள் பிறகு. "சிலையை எடுக்கச் சொல்லமாட்டார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நீங்கள் சொன்னதை எழுதாமல் போகமாட்டேன். பெயர்கள் ஞாபகம் இருக்கிறதா?"

பவுனம்மாள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார், படையல் வைக்கிறவரைப் போல. வீராசாமி. கொழந்தையன். நொண்டி பெருமாள். தேசிங்கு. தேசிங்கு மகன் ராமன். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. சுரையாவுக்குத் தமிழ்ப் பெயர்களை எழுத வரவில்லை. நான் பக்கத்தில் நின்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஒரு தாள் முடிந்து அவள் இன்னொன்று எடுத்தாள்.

பதினேழு ஆனதும் பவுனம்மாள் நிறுத்தினார். சாலையைப் பார்த்தார். வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் போனது.

"அங்கமுத்து," என்றார். "பத்தொம்பது வயசு."

அவர் உங்களுக்கு உறவா என்று சுரையா கேட்டாள்.

"பெரியப்பா. எங்கப்பாவோட கூடப் பொறந்த அண்ணன்." துவாரத்தின் விளிம்பில் கையை வைத்தார். "லோரி இந்த வளைவுல மெதுவாப் போச்சாம். பெரியப்பா ஓரத்துல நின்னுக்கிட்டிருந்தாராம். எங்கப்பா இது வழியாப் பாத்தாரு. கூப்பிட்டிருந்தா ஒருவேளை குதிச்சிருப்பாரு. கூப்பிடல. வாயில கிழங்கை வெச்சுக்கிட்டு, சத்தம் வராம உக்காந்திருந்தாரு."

அவர் என்னைப் பார்த்தார்.

"அதையும் எழுதிக்கச் சொல்லுங்க, தம்பி."